காலை ஒன்பது மணி ஆங்கிலம்

இருபத்திரண்டு மணி நேரமாக நான் யாரிடமும் பேசவில்லை. சாதாரணமாகவே வாய் திறக்காதவள் என்பதால் ஆய்வகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நேற்று முற்பகல் எங்கள் மருந்துக் கிடங்கின் குளிர் அறையில் வெப்பம் ஏறி இன்சுலின் பெட்டிகள் எல்லாம் பாழாகிவிட்டன. அறையைப் பார்த்துக்கொள்வது ஐஸ் அக்கா. வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாததால் அந்தப் பெயர். அலாரம் அடித்தும் எழாமல் அக்கா தூங்கிவிட்டார் என்றார் மேனேஜர். அக்காவோ, பின்வாசலில் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன், அலாரமே கேட்கவில்லை என்றார். இன்று பத்து மணிக்கு அவரை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள்.

ஆய்வகத்தில் என் மேசைக்கு எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் குளிர் அறையின் வாசல், பக்கத்தில் அலாரம் பொத்தான்.

ஒன்பது மணிக்கு வழக்கமான ஆங்கில வகுப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருவதால் மேனேஜரே நடத்துகிறார். ஆளுக்கு ஒரு சொற்றொடர் தருவார். அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வேலையில் உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். இதுதான் விதி.

"ப்ரேக் டவுன். வண்டி பழுதாகி நிக்கிறது" என்றார் மேனேஜர்.

டிரைவர் எழுந்தார். "மை லாரி ப்ரோக் டவுன் எவ்ரி டே."

"ரன் அவுட் ஆஃப். ஒண்ணு தீர்ந்துபோறது."

"வி ரேன் அவுட் ஆஃப் டேப், சார். மூணு நாளா கேக்கறேன்" என்றார் பேக்கிங் அண்ணன்.

"இங்கிலீஷ் கேட்டா டேப் வேணும்னு இண்டென்ட் போடறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் லேசாகச் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "உனக்கு டோஸ் ஆஃப். கண்ணசந்து தூங்கறது. 'ஐ'ல ஆரம்பி."

அக்காவுக்கு அவரைவிடப் பத்து வயது கூட. அக்கா எங்கள் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

"ஐ டிட் நாட் டோஸ் ஆஃப்" என்றார் அக்கா.

"'நாட்' எல்லாம் வேண்டாம். அதை எடுத்துட்டுச் சொல்லு."

"சார், நான் தூங்கலை."

"இங்கிலீஷ்ல. 'ஐ டோஸ்ட் ஆஃப்.' எங்க, சொல்லு."

அக்கா ஸ்வெட்டரின் விளிம்பை இழுத்துப் பிடித்தார். டிரைவர் தன் செருப்பைப் பார்த்தார். பேக்கிங் அண்ணன் சுவரைப் பார்த்தார். எனக்குக் காது மடல் எரிந்தது. இத்தனை பேர் இருக்கிறோம், ஒருவருக்கும் நாக்கு இல்லையா? எனக்கு இல்லையா?

"சரி, உட்காரு. பத்து மணிக்குப் பேசிக்கலாம்." மேனேஜர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "நீ சொல்லும்மா. சயின்ஸ் படிச்ச பொண்ணு. கெட் அலாங். ஒத்துப்போறது."

எழுந்தேன்.

"தெரியலைன்னா தமிழ்லயே சொல்லு, பரவால்ல."

"தமிழ்லயே சொல்றேன், சார். நேத்து அலாரம் அடிச்சுது. போன் பேச முடியலைன்னு அதை அணைச்சது நீங்க. நான் பார்த்தேன்."