மிளகாய் விதையும் சக ஆய்வாளரும்

1

இந்தக் கதை ஒரு நன்றி வரியிலிருந்து பிறந்தது. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில், தேநீர் போட்டவரோடு சேர்த்து இளம் ஆய்வாளர்களையும் உட்கார வைக்கும் வரி அது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1996. மின்சாரமற்ற கொழும்பின் இருளில் ஒரு விதை மெல்லக் கண்…"

வேண்டாம். விதை கண் திறந்தால் விருது கிடைக்கும். கதை செத்துவிடும்.

2

செலீன் கொட்டாஞ்சேனைப் பெண். விதை ஆய்வுகூடத்தில் வேலை, இன்னும் நிரந்தரமில்லை. யுத்தத்தால் வடக்கிலிருந்து மிளகாய் விதை வருவது நின்றுபோயிருந்தது. வீசப்போகும் பழைய விதையை ஊறவைத்து உலர்த்தினால் முளைக்குமா என்று பார்த்தாள். அதற்கு மாறாத சூடு வேண்டும். மின்வெட்டிலோ ஆய்வுகூடத்துச் சூட்டுப்பெட்டி வெறும் அலுமாரி. அவள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஹுசைன் நானாவின் பேக்கரிக்குப் போனாள். அங்கே பாண் சுடும் விறகடுப்பான போறணை ஆறுவதேயில்லை.

"வைங்க புள்ள. பாணுக்குள்ள விழுந்தா மட்டும் என்ட யாவாரம் முடிஞ்சி."

வழியில் சோதனைச்சாவடிச் சிப்பாய் தட்டைத் திறந்து பார்த்தான். மிளகாய் என்று சிங்களத்தில் சொன்னாள். கடையில் கிடைக்காதா என்று கேட்டுவிட்டுப் போகவிட்டான். (இங்கே ஒரு கைது வைக்கச் சொன்னார்கள் நண்பர்கள். யுத்தகாலக் கதையில் கைது இல்லாவிட்டால் வாசகர்… விடுங்கள்.)

விதைகள் முளைத்தன.

3

கட்டுரையை எழுதியவள் செலீன். வெள்ளவத்தை வீட்டில் இருந்து அதைத் திருத்தினார் ஆய்வுகூடத் தலைவர் தில்லைநாதன்: பேக்கரியை வெட்டிச் சூட்டுப்பெட்டி என்று போட்டார், செலீனை வெட்டி நன்றி வரிக்கு இறக்கித் தன்னைப் போட்டார். தன் பேர் எங்கே என்று அவள் கேட்டாள்.

"உமக்கு வயசு கிடக்கு. பேர் எங்க ஓடப்போகுது?"

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. இவரும் ஒருகாலத்தில் யாரோ ஒருவரின் நன்றி வரியில் இருந்தவர்தான்.)

4

மாநாட்டில் தில்லைநாதன் வாசித்தார். கைதட்டல். பிறகு ஒரு பேராசிரியர் எழுந்து, மின்வெட்டில் சூட்டுப்பெட்டி எப்படி வேலை செய்தது என்று விசாரித்தார்.

தில்லைநாதன் பின்வரிசையைப் பார்த்தார். "அந்தப் பகுதி முழுக்க என்ர சக ஆய்வாளர் செலீன் செய்தது. அவ சொல்லுவா."

சக ஆய்வாளர். அந்தப் பட்டம் அவளுக்குக் கிடைத்தது அப்போதுதான். எழுந்தாள். பேக்கரி என்று சொன்னால் தலைவர் பொய்யராவார். அவளுடைய நியமனத்தில் கையெழுத்திட வேண்டியவரும் அவரே. சூட்டுப்பெட்டி என்று சொன்னால் பொய் இனி அவளுடையது.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள், மண்டபம் சிரிக்க…

முடிவு இரண்டு: "ஜெனரேற்றர் இருந்தது, சேர்." நியமனம் கிடைக்கிறது. சில வருடங்களில் அவளுக்குக் கீழே வேறொரு பெண்…

இரண்டையும் அடித்துவிட்டேன். இதுவரை எழுதியது என் பெயரில் போகட்டும். முடிவு முழுக்க என் சக எழுத்தாளராகிய உங்கள் பகுதி. பேராசிரியர் காத்திருக்கிறார். எழும்புங்கள்.