கிள்ளாத வரிசை

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, நீலகிரிக் கேத்தியில் காலூன்றி ஒரு வருஷம் ஆகியும் செல்லையாவுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. மச்சான் வீரையா ரப்பர் தோட்ட வேலைக்குக் கர்நாடகத்துப் புத்தூர் கிளம்புகிறான். கூடவே போய்விடலாம் என்று செல்லையா ஒற்றைக்காலில் நின்றான். அவன் பெண்சாதி தெய்வம்மாவுக்கோ இன்னொரு தடவை பெட்டி கட்டத் தெம்பில்லை.

"இந்த மண்ணுல நமக்கு என்னா புள்ள வெளையும்?"

"வீட்டுக்குப் பின்னால வெள்ளப்பூடு போடுறேன். நல்லா வந்திச்சின்னா இங்கேயே இருக்கணும்."

"வராட்டி?"

"பெட்டிய நானே கட்டுறேன்."

பக்கத்து வீட்டு அம்சவேணி கொடுத்த விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து ஊன்றினாள். பச்சைப் பசேலென்று முளைத்ததும் தலைகால் புரியவில்லை. தினமும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த கையோடு பாத்தியில் இறங்குவாள், வரிசையாக நுனியைக் கிள்ளுவாள். கிள்ளினால்தானே தழைக்கும்? தேயிலை அப்படித்தானே!

பூண்டு தழைக்கவில்லை. ஊசியாக இளைத்தது.

"ஏனுங்க அம்மிணி, ஆடு கீடு பூந்துருச்சா?" அம்சவேணி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இல்லக்கா, நான்தான் கிள்ளுனேன். பக்கத்துல கெளை வெடிக்கும்னு."

அம்சவேணி வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பூண்டுக்கு ஏதுங்க கெளை? தழை இருந்தாத்தான் அடியில காய் பெருக்கும். அது வாயையே கிள்ளிப்போட்டீங்களே!"

தெய்வம்மா இதைச் செல்லையாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பாத்திப் பக்கம் போனால் கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டுதான் போனாள்.

பூண்டு பிடுங்கும் அன்று வீரையாவும் வந்திருந்தான். முதல் வரிசை நெல்லிக்காய் அளவு. அடுத்தது அதைவிடச் சின்னது.

"தங்கச்சி, ஊறுகாய்க்குக்கூட காணாதே!" என்றான் வீரையா.

தெய்வம்மா எழுந்து மண்ணைத் தட்டினாள். "சொன்ன சொல்லுதான். பெட்டிய எடுங்க."

செல்லையா எழுந்திருக்கவில்லை. வேலியோரம் ஒரு வரிசை பாக்கியிருந்தது. வேலி முள் குத்தும் என்று தெய்வம்மாவின் கை போகாத வரிசை. களைக்கொத்தைப் போட்டு நெம்பினான். கைக்குள் அடங்காத பூண்டு, மண்ணோடு வந்தது. அடுத்ததும் அப்படியே.

"இதென்னா புள்ள, இது மட்டும் இப்பிடி?"

வேறு வழியில்லாமல் கிள்ளிய கதையைச் சொன்னாள். செல்லையா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

"அடிப்பாவி! நான் இத்தன நாளா மண்ணையில்ல திட்டிக்கிட்டிருந்தேன்!"

"என்னா மச்சான், புத்தூர் போற லாரிக்காரன்கிட்ட ஒனக்கும் சேத்துச் சொல்லிரவா?" என்றான் வீரையா.

செல்லையா பூண்டை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தான்.

"ஒனக்கு மட்டும் சொல்லுப்பா. ஏ புள்ள, இதுல ஒண்ணையும் அடுப்புக்குக் கொண்டு போயிராத. அம்புட்டும் வெதைக்கு."

"ஒண்ணே ஒண்ணு" என்று தெய்வம்மா அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "அண்ணன் ஊருக்குப் போகுதுல்ல, ரசம் வச்சுக் குடுக்கிறேன்."