அம்சவேணி இறங்குவதற்காக வாஷர் டேங்க் மாற்றியது

என் மனைவி அம்சவேணி எங்கள் காரில் குடியிருக்கத் தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் இருக்கிறாள். பெல்ட் போட்டிருக்கிறாள்.

அவளுடைய தம்பி பூபதியைத் தாராபுரத்தில் எரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் புழுதியோடு சேர்ந்து தூறல் விழுந்தது. முன்கண்ணாடி முழுக்கச் சேறாகிவிட்டது. கண்ணாடி கழுவத் தண்ணீர் பீய்ச்சும் பிடியை இழுத்தேன். மோட்டார் முனகியது. தண்ணீர் வரவில்லை. வைப்பர் சேற்றை இழுத்துப் பூசியது. அப்படியே கோயம்புத்தூர் வந்து சேர்ந்தோம். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

"கண்ணாடி தெளியட்டும். எறங்கறேன்" என்றாள்.

துணி எடுத்து வந்தேன்.

"துணி வேண்டாங்க. கார் தானாக் கழுவிக்கணும்."

நியாயமாகத்தான் பட்டது.

மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் பக்கத்துக் கண்ணாடியை ஒரு சாண் இறக்குவாள். தட்டைப் பார்ப்பாள். வாங்கிக்கொள்வாள். கண்ணாடியை ஏற்றிவிடுவாள். ஆபீசில் லீவு கேட்டேன். காரணம் என்ற இடத்தில் 'கார்' என்று எழுதினேன். கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில், கடையில் சொல்லியிருந்த, கண்ணாடி கழுவும் தண்ணீருக்கான புது டேங்க் வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக். பழையது முன்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்குள் இருப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அது விரிசல் விட்டிருக்கும் என்றார். காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினால்தான் கை எட்டுமாம். வீட்டிலேயே செய்யலாம், அரை மணி நேர வேலை என்றார்.

கீழ்வீட்டு செல்வின் சார் அன்று காலையிலிருந்து ஜாக்கியாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரைக் காருக்கு அடியில் வைத்துத் திருகினேன். நிதானமாகத் தூக்கினார்.

"வலிக்குதுங்களா சார்?"

"எடை தெரியுது. வலி தெரியல."

"அரை மணி நேரந்தான் சார்."

"எனக்கு வேற வேலை இல்ல."

அவர் மனைவி காபி கொண்டுவந்து திருகாணியில் ஊற்றிவிட்டுப் போனார்.

பேட்டரி ஒயரைக் கழற்றினேன். சக்கரத்தைக் கழற்றினேன். மட்கார்டின் உள்பக்கம் கறுப்பு மறைப்பு ஒன்று இருந்தது. பதினொரு கிளிப். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மறைப்புக்குப் பின்னால் ஒரு நடைவழி இருந்தது. ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டேன். புது டேங்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு தவழ்ந்து போனேன். பிறகு குனிந்து நடந்தேன். பிறகு நிமிர்ந்து நடந்தேன். நடைவழி கூடவே நீண்டது. கால் வலித்தபோது ஒரு மேஜை வந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் எங்கள் பழைய டேங்க் மூன்று போல்ட்டில் தொங்கியது.

"டேங்க் மாத்த வந்திருக்கேன்" என்றேன்.

"இருப்புப் படிவம்?"

"எதோட இருப்புங்க?"

"உங்களோடது."

என்னிடம் இல்லை. அவரே ஒன்று எடுத்துக் கொடுத்தார். நான் இருக்கிறேன் என்று அச்சடித்திருந்தது. அடியில் இரண்டு சாட்சிகளுக்கு இடம் விட்டிருந்தது.

"சாட்சிங்க உங்களை ஒம்பது நாளுக்குள்ள பார்த்திருக்கணும்" என்றார்.

"என் மனைவி இருக்கா. மூணு வேளையும் சாப்பாடு கொடுக்கறேன்."

"உங்களைப் பார்த்தாங்களா?"

யோசித்தேன்.

"தட்டைப் பார்த்தா."

"தட்டு கையெழுத்துப் போடாது."

"செல்வின் சார் இருக்கார். கார் அடியில. ஜாக்கியா."

"தூக்கின நிலையில இருக்காரா?"

"ஆமாங்க."

"செல்லும். இன்னொருத்தர்?"

"நான் போடறேன்" என்று பக்கத்தில் குரல் கேட்டது.

சுவரோரம் பெஞ்சில் பூபதி உட்கார்ந்திருந்தான். நாங்கள் போட்டுவிட்ட புதுச் சட்டை. காலரில் அட்டை அப்படியே இருந்தது. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. இப்போதும் அதேதான்.

"நீ எங்கடா இங்க?" என்றேன்.

"லைன் நகரல மாமா."

அந்த அம்மாள் அவனிடம் கேட்டார்: "இவரைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"இன்னியோட ஒம்பது நாள். என் தலைமாட்டுல நின்னாரு."

"என்ன செஞ்சாரு?"

"வெறகுக்காரங்கிட்ட சில்லறை இருக்கான்னு கேட்டாரு. அழல."

அம்மாள் 'அழவில்லை' என்று எழுதிக்கொண்டார். பூபதி கையெழுத்துப் போட்டான். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடியும் போட்டான்.

"அக்கா எங்க?" என்று கேட்டான்.

"கார்லதான் இருக்கா."

"இன்னுமா?"

அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"பழைய டேங்க்ல என்ன இருக்கு?" என்றார் அம்மாள்.

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்ல, எவ்வளவு?"

"ரெண்டரை லிட்டர்."

எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார்.

ஸ்பேனரை எடுத்தேன். முதல் போல்ட் சட்டென்று கழன்றது. இரண்டாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. மூன்றாவது கழல இரண்டு நாள் ஆனது. பூபதி டேங்கை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டான். பழையதிலிருந்து மோட்டாரைப் பிடுங்கிப் புதியதில் செருகினேன். ரப்பர் வளையம் நழுவிக்கொண்டே இருந்தது. அவன் எச்சில் தொட்டு அழுத்தினான். உட்கார்ந்துவிட்டது. குழாயை மாட்டி, ஒயரை மாட்டி, போல்ட்டுகளை முறுக்கினேன்.

"நீயும் வந்துடு" என்றேன்.

"டோக்கன் வாங்கிட்டேன் மாமா."

திரும்பிப் போகும் வழி மூன்று எட்டுதான் இருந்தது.

வெளியே வெயில் அதே இடத்தில் நின்றது. கிளிப்புகளை மாட்டினேன். பன்னிரண்டு இருந்தன. சக்கரத்தை மாட்டினேன். பேட்டரி ஒயரை மாட்டினேன். இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். கதவைத் திறந்து, நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகினேன். பிடியை இழுத்தேன்.

மோட்டார் முனகியது. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு இரண்டு பக்கமும் தண்ணீர் எழுந்து விழுந்தது. வைப்பர் போய் வந்தது. சேறு கரைந்து ஓடியது. எதிரே பார்க்கிங் சுவர் தெரிந்தது. அதில் எங்கள் வீட்டு எண் தெரிந்தது.

அம்சவேணி வெகுநேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எளைச்சுட்டீங்க" என்றாள்.

"இருக்கும்."

"உள்ள யாராச்சும் இருந்தாங்களா?"

"பூபதி இருந்தான்."

"என்ன சொன்னான்?"

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்."

அவள் தலையசைத்தாள். பெல்ட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்து காலை நீட்டினாள். கால் தரையில் படவில்லை. கார் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

"சார், எறக்குங்க" என்றேன்.

"எப்படின்னு மறந்துட்டேன்" என்றார் செல்வின் சார். "மன்னிச்சுக்கங்க."

தரை இன்னும் கொஞ்சம் கீழே போனது. அவள் கையை நீட்டினாள். நான் சுற்றி ஓடிப்போய் எக்கி அவளை இடுப்போடு பிடித்து இறக்கினேன். கனமாக இருந்தாள். ஒன்பது நாளில் நான் தொட்ட முதல் கனம் அது.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்டில் ஏற வேண்டாம் என்றாள். படியில் ஏறினோம். அவள் என் கையை விடவில்லை. ஐந்து மாடி ஏறினோம். இரண்டாவது மாடி வரவில்லை.

"வீட்ல என்ன இருக்கு?" என்றாள்.

"ரசம் இருக்கு."

"என்னைக்கு வெச்சது?"

"தெரியல."

கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள்.

"சரி, ஏறுங்க" என்றாள். "சூடு பண்ணிக்கலாம்."