லெஸ்லியை வழியனுப்பிய விதம்

சால்டேருக்குப் போனால் ஆலையைப் பார்க்கலாம், கால்வாயோரம் நடக்கலாம், இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் வில்ஃப் நினைத்திருந்தான். லெஸ்லி கணக்கிலேயே இல்லை.

ஆலை முதலாளி தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில், தெருமுனையில் இருப்பவை மேஸ்திரிகளுக்கு, கொஞ்சம் பெரியவை. அப்படி ஒரு முனை வீட்டின் முன் அவன் மனைவி ஐரீன் நின்றாள்.

"இது லெஸ்லி வீடு. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி என்னை டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போவான்."

"ஜன்னல் மட்டும்தான் பெருசு," என்றான் வில்ஃப்.

கால்வாய்க்கு வந்தால், தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகுகளை ஏற்றி இறக்கும் இரட்டைக்கதவு மதகுக்கு மேல்புறம் நின்ற படகில் அதே லெஸ்லி! இந்த வயதிலும் தலை நிறைய முடி. வில்ஃப் தொப்பியைக் கழற்றவில்லை.

"ஐரீன் கண்ணு! மாறவே இல்லையே நீ!"

பிராட்ஃபர்டு சந்தையில் திரைச்சீலை விற்கும் வில்ஃப், பல்போன கிழவியைக்கூடக் 'கண்ணு' என்றுதான் அழைப்பான். ஆனால் அது வியாபாரம்.

"ஏறி வாங்க, டீ போடறேன். மதகு நெறஞ்சதும் கீழ எறங்கிப் போயிடுவேன்."

"நான் நெறச்சுத் தர்றேன். எங்கப்பா படகுக்காரர்தான். நீ கெளம்பற வழியப் பாரு!"

வில்ஃப் லெஸ்லியிடமிருந்து சுழற்றும் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு, மேல்கதவில் தண்ணீரை அடைத்திருந்த பலகைகளைச் சுற்றித் தூக்கினான். தண்ணீர் இரைந்து பாய்ந்தது. அவன் கண் மட்டும் படகு ஜன்னலில். உள்ளே லெஸ்லியோடு உட்கார்ந்திருந்த ஐரீன் இஞ்சிக் கேக்கில் இரண்டாவது துண்டை எடுத்தாள். வீட்டில் அவன் கேக்கைத் தொட்டால் உடம்புக்கு ஆகாது என்பாள். இப்போது வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவன் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் வராத சிரிப்பு.

தண்ணீர் இரைந்துகொண்டே இருந்தது, மதகுதான் நிறையவில்லை. பழைய கதவு, ஒழுகுகிறது என்று எண்ணிக்கொண்டான்.

வெகு நேரம் கழித்துப் படகுக்குள் கோப்பைகள் உருண்டன. படகு ஒரு பக்கமாகச் சாய, லெஸ்லி தலையை நீட்டினான்.

"யோவ்! கீழ்க்கதவுப் பலகைய எறக்கினியா?"

வில்ஃப் அப்போதுதான் பார்த்தான். முன்னால் போன படகுக்காரன் தூக்கியது தூக்கியபடியே இருந்தது. மேல்கால்வாய்த் தண்ணீரெல்லாம் மதகு வழியாகக் கீழே போய்விட, லெஸ்லியின் படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு பக்கமும் தெறந்து வெச்சா எப்பய்யா நெறையும்? படகுக்காரர் மகனாம்!"

"இப்ப நகராதா?" வில்ஃபின் குரல் இறங்கியிருந்தது.

"மேலேருந்து தண்ணி விடணும். நாளைக்குத்தான்."

ஐரீன் உதட்டிலிருந்த கேக் தூளைத் துடைத்தாள். "சாஞ்ச படகுல எப்படிப் படுப்பே? நம்ம வீட்டுக்கு வா லெஸ்லி. வில்ஃப் பண்ண வேலைதானே, அவன் சோபாவுல படுத்துக்குவான்."

பேருந்தில் ஐரீனுக்குப் பக்கத்து இடத்தில் லெஸ்லி உட்கார்ந்தான். பின்னிருக்கையில் வில்ஃப், மடியில் லெஸ்லியின் துணிப்பையோடு.