குறிப்பு எழுதும் கட்டம்

மாதம் பன்னிரண்டாயிரம் கியாட். ஐந்து மாதமாக என் கணக்கிலிருந்து வங்கி அபராதமாக உருவிக்கொண்டிருந்தது. ஐந்தாவது முறை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, வங்கியின் மிங்கலா தாங்ஞுன்ட் கிளையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ஐந்தாம் தேதி விடுதி வாடகை என் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். மூன்றாம் தேதி வரவேண்டிய அண்ணனின் பணம் ஆறாம் தேதிதான் வரும். நடுவில் ஒரே ஒரு நாள் கணக்கு மைனஸில் நிற்கும். அந்த ஒரு நாளுக்குப் பன்னிரண்டாயிரமா? அநியாயம்! ஐந்து மாத அபராதமும் சேர்ந்து இப்போது வாடகையில் அறுபதாயிரம் துண்டு விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் கட்டில் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணனைக் கேட்டால் என்ன என்பீர்கள். அண்ணன் உதயசூரியன் ஷ்வேப்யிதாவில் தையல் ஆலையில் இருக்கிறான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் நாங்கள் பேசிப் பதினொரு மாதமாகிறது. அம்மா போனதும் மாவ்பியில் இருந்த எங்கள் வீட்டை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றான். என் படிப்புக்காம். "இனிமே உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு வந்தவள்தான். அதற்குப் பிறகு பணம் மட்டும் வரும். என் பழைய ஃபோனில் தொகை மட்டும் தெரியும். கடனுக்குச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதியில் எனக்குப் பர்மியப் பெயர். வேணி என்று கூப்பிட அங்கே ஒருவரும் இல்லை. தமிழில் ஒரு சொல்கூடப் பேசாமல் தூங்கிப்போன நாட்கள் எத்தனையோ. தனியாக இருப்பது பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகவில்லை.

கவுன்ட்டரில் டோ சான் யி என்ற பெண் அதிகாரி. பர்மியத்தில் வெளுத்து வாங்கினேன். அவர் பதறவில்லை. கணினியைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், பர்மியத்திலேயே பதில் சொன்னார்.

"பணம் மூணாந்தேதியே வந்திருக்கு தங்கச்சி. நாங்கதான் மாசா மாசம் மூணு நாள் நிறுத்தி வெச்சிருக்கோம்."

"எதுக்கு?"

"அனுப்பறவர் குறிப்புக் கட்டத்துல ஏதோ எழுதறார். எழுத்து பர்மிய எழுத்துதான், வாசிக்கவும் முடியுது. ஆனா ஒண்ணும் புரியல. புரியாத குறிப்புன்னா மேல பார்த்துட்டுதான் விடுவாங்க. அதை உங்ககிட்ட அப்பவே கேட்டிருக்கணும். கேட்காம அபராதம் போட்டது எங்க தப்பு. அர்த்தத்தைச் சொல்லுங்க, எழுதிக்கிட்டுப் பணத்தைத் திருப்பிடறேன்."

ஐந்து குறிப்புகளையும் ஒரு தாளில் அச்செடுத்து நீட்டினார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அது தமிழ். அண்ணனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, எனக்கும்தான். பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். சின்ன வயதிலிருந்தே தமிழைப் பர்மிய எழுத்தில்தான் எழுதிக்கொள்வோம்.

"சத்தமா வாசிங்க" என்றார்.

"வேணி சாப்டியா."

அர்த்தம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

"மழ ஜாஸ்தி. கொட எடுத்துட்டுப் போ."

"அம்மா திதி. கோயில்ல வெளக்கு போட்டேன், உம் பேர்லயும்."

எனக்குப் பின்னால் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கோவம் போகலியா இன்னும்."

ஐந்தாவதை மனதுக்குள் வாசித்தேன். டோ சான் யி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். ஒருவழியாகச் சொன்னேன்.

"பதில் போட வேணாம். நீ படிச்சா போதும்."

பாவி! ஐந்து மாதமாகச் சுவரிடம் பேசுவது மாதிரி பேசியிருக்கிறான். நான் வேறு, அவன் பணத்தைத் தின்றுகொண்டே அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அழுதேன். அத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக.

டோ சான் யி தண்ணீர் கொடுத்தார். அறுபதாயிரமும் கணக்கில் ஏறியதைக் காட்டினார். பிறகு இன்னொரு படிவத்தைத் தள்ளினார்.

"இதுல கையெழுத்துப் போட்டா குறிப்போட வர்ற பணத்தை ஏத்துக்க மாட்டோம். அவர் கட்டத்தைக் காலியா விட்டு அனுப்பட்டும், அன்னைக்கே வந்துடும். இல்லேன்னா மறுபடியும் மூணு நாள் தாமதமாகும்."

படிவத்தை மடித்து அவர் பக்கமே நகர்த்தினேன்.

"குறிப்பு வரட்டும். வாடகை போற தேதியைப் பத்தாந்தேதிக்கு மாத்துங்க."

மாற்றினார். அண்ணனின் எண் ஃபோனில் இருந்தது. எடுத்துப் பேசியிருக்கலாம்தான். அவன் குரலைக் கேட்டால் என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும்.

"இங்கேருந்து ஒருத்தருக்குப் பணம் போடணும்" என்றேன்.

"எவ்வளவு?"

"நூறு கியாட்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. சீட்டைக் கொடுத்தார். அண்ணனின் பெயரை எழுதினேன். குறிப்புக் கட்டத்தில், பர்மிய எழுத்தில், "சாப்டேண்ணே" என்று எழுதினேன்.

"இதுவும் மூணு நாள் நிக்கும் தங்கச்சி."

"நிக்கட்டும்" என்றேன்.