பச்சை மேலே, மண் கீழே

நவம்பர் மாதத்தில் என் கணவன் நெவில் எங்கள் வீட்டு முன்புறப் புல்தரையைத் தன் கையாலேயே கொன்றான். புல்லுக்கு நடுவே முட்செடிகள் முளைத்திருக்கின்றன என்று மருந்தடித்தான். கொட்டகையில் இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்று, புல்லை விட்டுவிட்டுக் களையை மட்டும் சாகடிப்பது. இன்னொன்று, பச்சையாக எது இருந்தாலும் சாகடிப்பது. கண்ணாடி போடாமல் போய் எடுத்தால் எது கைக்கு வரும்? பத்தே நாளில் முழுத்தரையும் வைக்கோலாகிவிட்டது.

அதிலும் ஒரு சாமர்த்தியம். பக்கத்து வீட்டுக் கிளைவுக்கு ஒரு சொட்டு மருந்துகூட இலவசமாகப் போய்விடக் கூடாது என்று வேலியில்லாத எல்லையில் கயிறு கட்டி அடித்திருந்தான். ஆகவே நூல் பிடித்த மாதிரி இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் பச்சை. டப்போ என்கிற எங்கள் ஆஸ்திரேலிய ஊரில், இந்தத் தெருவில் எந்த வேலையும் இல்லாதவர்கள்கூட வந்து, காரை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிளைவோடு அவனுக்கு ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது. அதற்கும் காரணம் புல்தான். நாங்கள் பெர்த்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கிளைவ் தன் புல்லோடு சேர்த்து எங்கள் புல்லையும் வெட்டினான். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஆளில்லாத வீட்டில் புல் வளர்ந்து கிடந்தால் திருடனை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. ஆனால் கிளைவ் புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியை ரொம்பத் தாழ்த்தி வைத்து மொட்டையடித்துவிட்டான். நாலு நாள் வெயிலில் புல் கருகியது. திரும்பி வந்த நெவில் நன்றி சொல்வதற்குப் பதில், "உன்னை யாருடா கேட்டது?" என்றான். அன்றிலிருந்து இருவரும் எல்லைவரைதான் வெட்டுவார்கள். ஒரு இலைகூடத் தாண்டாது.

அந்தச் சண்டையில் நான் இழந்தது நோரீனை. கிளைவின் மனைவி, எனக்கு முப்பது வருடச் சிநேகிதி. என் மாமியாரை என்னைவிட நன்றாகத் திட்டுவாள். இப்போது சூப்பர் மார்க்கெட்டில் பால் அலமாரிக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசிக்கொள்கிறோம், கள்ளக் காதலர்கள் மாதிரி. எனக்கு அவள் வேண்டும். என் சமையலறையில், என் நாற்காலியில், முன்பு போலவே வேண்டும்.

ஜனவரியில், எங்கள் ஊர் நடுக்கோடையில், ஒரு சனிக்கிழமை புதுப்புல் வந்து இறங்கியது. வெயில் தணியட்டும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்டானா? காலை ஆறு மணிக்கு லாரிக்காரன் புல் சுருள்களை இரண்டு அடுக்காக இறக்கி வைத்தான்.

"இன்னிக்கு நாப்பத்தொரு டிகிரி. பத்து மணிக்குள்ள விரிச்சிடணும். இல்லேன்னா சுருளுக்குள்ளேயே வெந்துடும்," என்றவன் நெவிலை மேலும் கீழும் பார்த்தான். "ஒத்தாசைக்கு ஆள் இருக்கா?"

"நான் என்ன பொம்மையா?" என்றான் நெவில்.

நாலாவது சுருளைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அறுபத்தெட்டு வயது இடுப்பு. வராந்தாவில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். கை கால் அசையவில்லை. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"நெருக்கிப் போடு ஐவி! இடைவெளி தெரியுது பார்!"

"நீ படுத்த இடத்துலேருந்து வானம்தான் தெரியும். சும்மா கிட."

ஒவ்வொரு சுருளும் நனைந்த மூட்டை கனம். ஒன்பது போடுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மணி எட்டரை. மிச்சமிருந்த சுருள் ஒன்றில் கைவிட்டுப் பார்த்தேன், கதகதவென்று இருந்தது.

"கிளைவைக் கூப்பிடப் போறேன்," என்றேன்.

"கூப்பிட்டுப் பார்! புல் செத்தாலும் சாகட்டும்!"

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு கிளைவ் எல்லையில் வந்து நின்றிருந்தான். ஷூ முனை சரியாகக் கோட்டில் இருந்தது. பக்கத்தில் நோரீன்.

"வா கிளைவ்," என்றேன்.

"நீ கூப்பிட்டா ஆச்சா? அவன் கூப்பிடட்டும். அவன் வாயால. வர்றேன்."

"அவனை வீட்டுக்குப் போகச் சொல்லு!" என்றது வராந்தா.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு அவன்கிட்டச் சொல்லு," என்றான் கிளைவ்.

"காது கேட்டா என்ன, கத்தியை எவ்வளவு உயரத்துல வைக்கணும்னு தெரியலியேன்னு கேளு!"

நடுவில் நான், வியர்வை கண்ணில் இறங்க, கையில் ஒரு சுருளோடு. எனக்கு வந்த கோபத்துக்கு அதை யார் தலையில் போடுவது என்றுதான் யோசித்தேன். நெவில் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி, நன்றாகப் பார் என்று சுருளைக் கீழே வைத்து விரித்தேன். தலைகீழாக. பச்சை கீழே, மண் மேலே.

"ஐவி! தலைகீழா இருக்கு!"

"அப்படியா? எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலியே," என்று அடுத்ததையும் அதேபோல் விரித்தேன்.

நோரீனுக்கு உடனே புரிந்துவிட்டது. முப்பது வருடம் சும்மாவா? "ரொம்ப அழகா இருக்குடி! எல்லாத்தையும் அப்படியே போட்டுடு!" என்று அங்கிருந்து கத்தினாள். கிளைவ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் கோட்டைத் தாண்டவில்லை, பாவி.

மூன்றாவதையும் கவிழ்த்துவிட்டு நாலாவதைத் தூக்கினேன். வராந்தாவிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"கிளைவ்! டேய் கிளைவ்! மரம் மாதிரி நிக்கிறியேடா! வந்து அவளைப் பிடிடா!"

தெருவே கேட்டது. கிளைவ் ஒரே எட்டில் கோட்டைத் தாண்டி என் கையிலிருந்த சுருளைப் பிடுங்கினான். நோரீன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். வியர்வை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

கவிழ்த்த மூன்றையும் திருப்பிப் போட்டுவிட்டு மற்றதை எல்லாம் மூவரும் விரித்தோம். செங்கல் அடுக்குகிற மாதிரி இணைப்புகளை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி நெவில் கத்தினான். கிளைவ் ஏற்கெனவே அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தான். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைசிச் சுருளும் விரிந்தது. ஊற ஊறத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு நாங்கள் வராந்தாவில் ஏறினோம்.

கிளைவ் நெவிலின் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

"நான் மொட்டைதான்டா அடிச்சேன்," என்றான் கிளைவ். "நீ கருமாதியே பண்ணிட்டே."

நெவில் சிரித்தான். இடுப்பு வலியில் "அம்மா!" என்றான். மறுபடியும் சிரித்தான்.

நோரீன் என் சமையலறையில் நுழைந்து, எதையும் கேட்காமல், டீ டப்பாவைச் சரியான அலமாரியில் தேடி எடுத்தாள். மத்தியானம் சாசேஜ் சுட்டோம். நாலு மணிக்கு அவள் வராந்தாப் படியில் வந்து நின்று, "போகணுமே, எப்படிப் போறது?" என்றாள்.

"புதுப்புல். மூணு வாரத்துக்குக் கால் படக்கூடாது," என்றான் நெவில், படுத்தபடியே, கறாராக.

"கூடவே கூடாது," என்றான் கிளைவ்.

"அப்ப வேற வழியில்லை," என்று நோரீன் மறுபடி உட்கார்ந்தாள். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். வராந்தாவை ஒட்டி, கார் போகிற அகலத்துக்கு, தெருவரைக்கும் சிமெண்ட் பாதை இருக்கிறது. நாங்கள் நான்கு பேரும் அதைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தோம்.