விருந்தாளி வாய் திறப்பதில்லை

ஹிலரி டாப்செலுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். அன்று இங்கிலாந்துக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் இடையே கடலடியில் ஓடும் ரயில் சுரங்கத்தின் கலே பக்கத்தில் நின்றபோது இரண்டு மடலும் சிவந்திருந்தன. ஆண்டுக்கொருமுறை நடக்கும் தீ ஒத்திகை அப்போதுதான் முடிந்திருந்தது. இரண்டு நாட்டுத் தீயணைப்பு வண்டிகளும் வந்தன. புகை விட்டார்கள், பயணியாக நடித்தவர்கள் இருமினார்கள், கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

திறக்காமல் என்ன செய்யும்? எந்தக் கதவு என்று முன்னாடியே சொல்லியாகிவிட்டது. அதற்குப் பூசிய புது எண்ணெய் ஹிலரியின் கையுறையில் பிசுபிசுத்தது. ரயில் ஓடும் குழாயிலிருந்து பக்கத்துப் பராமரிப்புச் சுரங்கத்துக்குத் தப்பி வர இந்தக் கதவுகளை விட்டால் வேறு வழி கிடையாது. மதியம் ஓடப்போகும் முதல் ரயிலில் அவள் மகள் டெஸ்ஸா பணிப்பெண்.

"அடுத்த கதவையும் திறந்து பாத்துடலாம்," என்றாள் இங்கிலாந்துப் பக்க ஆய்வாளரான ஹிலரி.

பிரெஞ்சுப் பக்க ஆய்வாளன் கயேத்தான் டெல்வா தலைக்கவசத்தைக் கழற்றினான். "இது எங்க பாதி, ஹிலரி. இன்னைக்கு நீங்க விருந்தாளி. ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் திட்டத்த மாத்தலாம். நான் சம்மதிக்கல. விருந்துக்கு மட்டிச் சிப்பி வேகவச்சு வச்சிருக்காங்க, ஆறிடும்."

"ஆறின மட்டிய சூடு பண்ணிக்கலாம். கருகின ஆள என்ன பண்ணுவீங்க?"

அவனுக்கும் சுருக்கென்றது. "போன வருஷம் உங்க பாதில ஒத்திகை நடந்தப்ப உங்க கதவு திறக்கலன்னு நான் ஊரக் கூட்டினேனா?"

"எந்தக் கதவு?"

கயேத்தான் விழித்தான். "உங்களுக்குத் தெரியாதா? ஒத்திகைக் கதவுக்கு அடுத்தது. சும்மா தள்ளிப் பாத்தேன், அசையல. உங்க மேலதிகாரி ரட்லண்ட் காதுல போட்டேன். பாத்துக்கறேன்னாரு. வீட்டுக்காரங்க மானத்த சபைல வாங்கலாமா?"

இரு நாட்டு ஆய்வாளர்களின் கூட்டுக் குழுவில் இப்படித்தான் நடந்துவந்தது. எந்தச் சட்டத்திலும் இல்லாத நாகரிகம். அடுத்தவர் பாதியில் கண்ட குறையை மேசையில் வைக்க மாட்டார்கள், காப்பி வேளையில் காதில் ஓதுவார்கள். பதிலுக்கு அவர்களும் ஓதுவார்கள். ஹிலரி பராமரிப்பு வண்டியில் ஏறினாள்.

"வண்டில ஏறுங்க," என்றாள். "எங்க பாதிக்குப் போறோம். அங்க நான் வீட்டுக்காரி, நீங்க விருந்தாளி."

இங்கிலாந்துப் பாதியில் அந்தக் கதவின் முன் வண்டியை நிறுத்தினாள். பிடியை இழுத்தாள். அசையவில்லை. கயேத்தானும் சேர்ந்து இழுத்தான். ஒரு வருடத்துத் துரு இருவரின் கையிலும் உதிர்ந்தது. ஹிலரி ரட்லண்டுக்குப் போன் போட்டாள்.

"கதவு திறக்கல. ரயில விடாதீங்க."

"பிரெஞ்சுக்காரங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்றார் ரட்லண்ட். "ரெண்டு தரப்பும் சொல்லாம ரயில நிறுத்தினா நல்லா இருக்காதும்மா."

ஹிலரி போனைக் கயேத்தானிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை. மெல்லச் சொன்னான்: "நான் விருந்தாளி."

அவன் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று தோன்றியது. விடவில்லை. அடுத்த கதவுவரை ஓடினாள். அது திறந்தது. ரயில் குழாய்க்குள் நுழைந்து, ஓரத்து நடைபாதை வழியாகத் திரும்பி வந்து, திறக்காத கதவின் மறுபக்கத்தில் அதில் சாய்ந்து உட்கார்ந்தாள். பயணிகள் வந்து முட்டப்போகும் பக்கம் அது. சுவரிலிருந்த அவசரப் போனை எடுத்தாள்.

"ரட்லண்ட், குழாய்க்குள்ள ஆள் இருக்கு. ஆள் இருக்கறப்ப ரயில் விட ரெண்டு நாட்டுலயும் சட்டம் கிடையாது. இதுக்கு யார் சம்மதமும் வேண்டாம்."

"என்ன பைத்தியக்காரத்தனம் இது? எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"கதவு திறக்கிற வரைக்கும்."

ஸ்டேஷனில் டெஸ்ஸா தேநீர் வண்டியோடு காத்திருப்பாள். காத்திருக்கட்டும். ஹிலரி திரும்பிக் கதவை முஷ்டியால் குத்தினாள், மூச்சு முட்டுகிறவள் குத்துவதைப் போல. பிறகு மறுபக்கத்தில் கயேத்தான் தோளால் மோதும் சத்தம் கேட்டது. மறுபடி மோதினான். மறுபடியும். கடைசியில் இரும்பைத் தாண்டி அவன் குரலும் வந்தது, அடித்தொண்டையிலிருந்து, சுரங்கமே கேட்கும்படி: "திறக்கல. இந்தக் கதவு திறக்கல."

ரட்லண்டுக்கும் கேட்கட்டும் என்று ஹிலரி போனை அந்தக் குரலின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.